வாசித்தவள் கூடையில் விழுந்த கிழங்குகள்

எண்பதுகளின் நடுவில், ராசிபுரம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் எடை எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். கொட்டகையில் அறுபத்திரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரிப்பார்கள். உரித்த எடைக்குத்தான் கூலி.

அப்போது எனக்குத் தூக்கம் போயிருந்தது. தொலைக்காட்சிக்குப் பதின்மூன்று வாரத் தொடர் ஒன்று எழுதி அனுப்பியிருந்தேன். பழைய நாவலாசிரியர்களைக் கரைத்துக் குடித்தவன் என்று எனக்கு நினைப்பு. அவர்களைப் போலவே நீண்ட வாக்கியங்கள், நிலா, ஆறு, உபதேசம் எல்லாம் வைத்து இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அது திரும்பி வந்தது. வசனம் அழகு, ஆனால் அடுத்த வாரம் பார்க்க யாருக்கும் தோன்றாது, நாற்பது நாளுக்குள் திருத்தினால் மறுபடி பரிசீலிப்போம் என்று குறிப்பு. இன்னொரு வாய்ப்பு கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரம்தான் எடையில் ஒரு விஷயம் உறுத்தியது. ஒரு பெண் பிற்பகலில் கத்தியே தொடுவதில்லை. ஆனால் அவள் பேரில் ஐந்து கூடை வந்தது. திருட்டு என்று முடிவு கட்டிப் போய் நின்றேன். அவள் மடியில், வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்த பழைய தொடர்கதை. உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள்.

"அவ படிக்கறா, நாங்க உரிக்கறமுங்க. ஆளுக்கு நாலு கெழங்கு அவ கூடைல போட்டுருவோம்" என்றார் மூத்த பெண்மணி ஒருவர்.

"கதை நன்றாக இல்லை என்றால்?"

"ஒண்ணுகூட உழுகாதுங்க சாமி!" கொட்டகையே சிரித்தது.

மறுநாள் வாசிக்கும் பெண்ணிடம் என் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தேன், நண்பர் எழுதியது என்று சொல்லி. மாலையில் எடை போட்டேன். ஒரு கூடை, அதுவும் முக்கால்தான்.

அந்தப் பெண் கோபிக்கவில்லை. "உங்க சிநேகிதரு ரொம்பப் படிச்சவருங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "நாளைக்குப் பழைய கதையே படிக்கறனுங்க. ஊட்டுல ரெண்டு புள்ளைக இருக்குது" என்றாள்.

என் பெருமைக்காக அவளுடைய அரை நாள் கூலி போயிருந்தது. காலையில் எல்லார் முன்னாலும் எழுதியவன் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். சிரிப்பு அடங்கியதும் அந்த மூத்த பெண்மணிதான் சொன்னார்: "பழைய கதைல அந்தப் பொண்டாட்டி பொய் சொல்றது நமக்குத் தெரியும், அவ புருசனுக்குத் தெரியாது. எப்பத் தெரியுமோன்னு காத்துக் கெடக்கறமுங்க. உங்குளுதுல எல்லாரும் எல்லாத்தையும் சொல்லிப்போடறாங்க. அப்பறம் நாங்க எதுக்குக் காத்துக் கெடக்கோணும்?"

அவள் வாசித்த தொடர்கதை நாவலாக வந்ததை நான் ஆறு முறை படித்தவன். ஏழாவது முறை பென்சிலோடு உட்கார்ந்தேன். முப்பத்தொரு அத்தியாயத்தில் இருபத்தேழு, யாரோ ஒருவர் எதையோ மறைப்பதில் முடிந்திருந்தன. நிலா இரண்டே இடத்தில்தான் வந்தது.

திருத்தி எழுதினேன். கதையில் அண்ணன் ஒரு கடிதத்தைத் தங்கைக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் ஒளிக்கிறான். பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு திருத்தத்தையும் கொட்டகையில் அந்தப் பெண்ணே வாசித்தாள். குறைகிற கூடைகளை நான் ஈடுகட்டுவது என்று ஒப்பந்தம். விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து உரித்தேன். விரலில் ஏழு வெட்டு. இரண்டாவது திருத்தத்துக்கு இரண்டு கூடை. மூன்றாவதற்கு மூன்று. நான்காவது சரிந்து மறுபடி இரண்டுக்கு வந்தபோது விட்டுவிடலாமா என்று நினைத்தேன், விடவில்லை.

ஐந்தாவதை வாசித்து முடித்து அவள் நோட்டை மூடியதும் நாலு பக்கமிருந்தும் கூச்சல்.

"மிச்சத்தையும் படி புள்ள!"

"நாளைக்குத்தான்" என்றேன்.

"நாளைக்குங்களா? அதுக்குள்ள அந்தப் பானைல சோறாக்க அரிசி அள்ளீருவாளேங்க!"

அன்று ஐந்து கூடைக்கு மேல் வந்தது. முப்பத்தெட்டாம் நாள் தபாலில் சேர்த்தேன். தொடர் ஒளிபரப்பானது.

அதன்பின் நான்கு தொடர் எழுதினேன். ஒன்றையும், கையில் வேலையோடு இருக்கும் ஒருவருக்கு வாசித்துக் காட்டாமல் அனுப்பியதில்லை. பழைய ஆசிரியர்களிடம் கற்க வேண்டியது அவர்கள் எழுதிய சொற்களை அல்ல, எந்த இடத்தில் வாயை மூடினார்கள் என்பதைத்தான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், தங்கள் கூலியிலிருந்து கதைக்கு விலை கொடுத்தவர்கள்.