தனியாக எடுத்து வைத்த சோறு

கங்கம்மாளுக்குச் சோறு போடத் தெரியும், சாப்பிடத்தான் தெரியாது. ஆம்பூரில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பதினெட்டு வருஷமாகச் சமைக்கிறார். கடைசிப் பிள்ளை தட்டைக் கழுவிய பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார். அதற்குப் பெயர் சாப்பாடு என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சொந்த ஊர் குடியாத்தம். கணவர் வீரபாகு தறியில் லுங்கி நெய்தவர். கல்யாணமான ஒன்பதாம் வருஷம் மஞ்சள் காமாலை வந்து போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. பள்ளிக்குப் பின் தெருவில் ஒற்றை அறையில் இருக்கிறார். எங்களுக்கெல்லாம் திங்கட்கிழமை வந்தால் எரிச்சல். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆகாது. அன்றைக்குப் பேச ஆள் கிடையாது.

நான் ஃபீபி, இரண்டாம் வகுப்பு டீச்சர். எனக்கு வாய் ஜாஸ்தி என்று பள்ளியில் பெயர். அந்த வாய் பேச வேண்டிய இடத்தில் இரண்டு தடவை பேசாமல் இருந்துவிட்டது.

முதல் தடவை ஜூன் மாதம். முபஷ்ஷிராவை என் வகுப்பில் சேர்த்த அன்று அவளுடைய அம்மா சுகரா பேகம் கேட்டருகே என்னை நிறுத்தினார். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. கம்பெனி பஸ் வந்துகொண்டிருந்தது. மகளுக்கு முட்டை பட்டால் முகம் வீங்கி மூச்சு வாங்கும், கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஓடினார். எங்கள் பள்ளியில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருவோம். அந்தப் பட்டியலில் அவள் பெயரையும் சேர்த்தேன். மற்ற நால்வரும் சைவ வீட்டுப் பிள்ளைகள். இவள் ஏன் அதில் இருக்கிறாள் என்று எழுதக் கட்டம் இல்லை. சமையலறைக்குப் போய்ச் சொல்ல எனக்குத் தோன்றவும் இல்லை. கடமை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டேன்.

கங்கம்மாளுக்கு அந்தப் பெயர் உறுத்தியது. எங்கள் ஊரில் பிரியாணி சாப்பிடுகிற வீட்டுப் பெண் முட்டை வேண்டாம் என்றால் அது பழத்துக்குப் போடுகிற வேஷம் என்பது அவர் கணக்கு. "பாய் வூட்டுப் பொண்ணு, முட்டைக்கு மூஞ்சியத் திருப்புது பாரு" என்று கேலி செய்வார். அந்தக் குழந்தையும் சிரிக்கும். அவளுக்கு முட்டை இல்லாததால் குழம்பை ஒரு கரண்டி கூடவே ஊற்றுவார். ஆகஸ்டில் நர்ஸ் வந்து எல்லாரையும் எடை பார்த்தார். வகுப்பிலேயே முபஷ்ஷிராதான் கம்மி. முட்டையை ஒதுக்கவிடாமல் சாப்பிட வையுங்கள் என்று நர்ஸ் பொதுவாகச் சொன்னதைக் கங்கம்மாள் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் முட்டையைச் சாம்பார் சோற்றில் தெரியாமல் பிசைந்து, உருண்டை பிடித்து, அவளை மடியருகே உட்கார வைத்து ஊட்டினார். கை மணம் பிடித்த குழந்தை வாயைத் திறந்து திறந்து வாங்கியது. நாலாவது உருண்டைக்கு உதடு தடித்தது. கழுத்தெல்லாம் தடிப்பு, நெஞ்சில் விசில் சத்தம். ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போனது கங்கம்மாள்தான். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

இரண்டாம் தடவை விசாரணை நாளன்று. அதிகாரிகள் இருவர் வந்து ஹெட்மாஸ்டர் அறையில் உட்கார்ந்தார்கள். கங்கம்மாள் நின்றுகொண்டு, "நான்தான் பெசஞ்சு ஊட்டுனேன்" என்றார். குழந்தைக்கு ஒவ்வாமை இருப்பது யாருக்காவது தெரியுமா என்று கேட்டார்கள். சுகரா பேகம் அன்று கம்பெனியில் இருந்தார். நான் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கங்கம்மாளுக்கு மெமோ கொடுத்தார்கள். கோழை என்று என்னை யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு முபஷ்ஷிராவுக்கு வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் வந்தது. சமையலறை வாசலைக் கடக்கும்போது குழந்தை என் புடவையைப் பிடித்துக்கொண்டு மறுபக்கமாக நடக்கும். வேறு சில அம்மாக்களும் டிபன் கட்டி அனுப்பினார்கள். கங்கம்மாள் கேலி பேசுவதை விட்டுவிட்டார். பிள்ளைகளைத் தொட்டு ஊட்டுவதையும் விட்டுவிட்டார். அண்டாவுக்குப் பின்னால் நின்று கரண்டியை மட்டும் நீட்டுவார்.

ஒரு நாள் உப்பு கேட்கப் போனபோது பார்த்தேன். மேடை ஓரமாக மூடி போட்ட சின்னத் தூக்கு ஒன்று. பக்கத்தில் கைப்பிடியில் சிவப்பு நெயில் பாலிஷ் பூசிய கரண்டி. வாழ்நாளில் நகத்துக்குச் சாயம் வைக்காத மனுஷி, வளையல் கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார். முட்டையை எடுப்பதற்கு முன்பே, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, இந்தக் கரண்டியால் சோறும் குழம்பும் தனியாக எடுத்து மூடிவிடுவாராம். யாருக்கு என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு."

அவள்தான் இங்கே சாப்பிடுவதில்லையே என்றேன்.

"பேரு பட்டியல்ல இருக்குல்ல? ஒரு நாள் வந்து நின்னா, இல்லன்னு சொல்ல முடியுமா?"

தினமும் மிஞ்சுவதை என்ன செய்கிறீர்கள் என்றதற்கு, வீட்டுக்குக் கொண்டு போய்ச் சுடவைத்து ராத்திரிக்குச் சாப்பிடுவதாகச் சொன்னார். அறையில் ஒருத்திக்காகத் தனியாகச் சமைக்கப் பிடிக்காதாம். எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை. செப்டம்பரிலிருந்து என்று அவரே சொன்னார். அப்போது ஜனவரி.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் ஒரு மதியம், முபஷ்ஷிராவின் டிபன் பாக்ஸ் பையிலேயே கவிழ்ந்து நோட்டெல்லாம் ரசமாகிக் கிடந்தது. குழந்தை அழவில்லை. பையை அணைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்துவிட்டது. செய்தி எப்படிப் போனதோ, கங்கம்மாள் தூக்கோடு வகுப்பு வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

போடுங்கள் என்றேன்.

"அவங்கம்மா சொல்லாம நான் குடுக்க மாட்டேன் டீச்சர்."

கம்பெனியில் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை சுகரா பேகம் போனை எடுக்க முடியாது. அரைமணி நேரம் இருந்தது. குழந்தை தூக்கைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தது. கங்கம்மாள் கதவைப் பிடித்தபடி நின்றே இருந்தார். ஒரு வழியாகப் போன் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அன்னிக்கு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுதான் குடுத்தாங்களா டீச்சர்?"

கங்கம்மாள் இரண்டடி தள்ளித்தான் நின்றார்.

"இல்ல. நீங்க என்கிட்ட சொன்னத நான் அவங்ககிட்ட சொல்லவே இல்ல. தப்பு என்னுது."

போனை அந்தம்மாவிடம் கொடுங்கள் என்றார் சுகரா பேகம். கங்கம்மாள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினார். தனிக் கரண்டி, முட்டை எடுக்கும் முன்னே, சோப்புப் போட்டு என்று ஒவ்வொன்றாக, பாடம் ஒப்பிக்கிறவர்போலச் சொன்னார். கடைசியில் "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு முறை சொல்லிப் போனை என்னிடம் நீட்டினார். என் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குழந்தை தூக்கில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டது. கங்கம்மாள் ஊட்டவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

தப்பு என்னுடையது என்று ஹெட்மாஸ்டரிடம் அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை சமையலறைக்குப் போய், எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று கங்கம்மாளிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் தூக்கைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். ஆகஸ்டுக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

"நேத்து ராத்திரி எனக்குச் சோறே இல்ல டீச்சர்" என்றார்.