மணி அடிக்காத மறுப்பு

இணையவழித் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் புகார் பிரிவில் அவளுக்கு வேலை. சக ஊழியர்கள் வைத்த பட்டப்பெயர் 'நாடி'. ஓர் அழைப்பு ஏன் போய்ச் சேரவில்லை என்பதைத் திரையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்.

ஒவ்வொரு அழைப்புக்கும் மறுமுனை, 'கோடு' எனப்படும் எண்களில் பதில் அனுப்பும். 180 என்றால் அங்கே மணி அடிக்கிறது. 200 வந்தால் எடுத்துவிட்டார்கள். 404, அப்படி ஓர் இணைப்பே இல்லை. 486, ஆள் வேறு பேச்சில் இருக்கிறார். ஐந்நூறில் தொடங்கினால் சர்வர் படுத்துவிட்டது. 603 என்றால் வேண்டாம் என்று மறுத்தாயிற்று.

"ஆளுங்க பொய் சொல்லுவாங்க, கோடு சொல்லாது," என்பாள்.

அம்மா போன பிறகு அவளுக்கு அக்காவை விட்டால் நெருங்கின உறவு இல்லை. அம்மாவின் வீட்டைக் காலி செய்த அன்று அந்த அக்காவோடு ஏதோ சில்லறைப் பேச்சு முற்றி, "உன் புருஷன் ஒரு வேலையிலயாவது நிலைச்சிருக்காரா?" என்று கேட்டுவிட்டாள். அத்தான் அப்போது பீரோவைத் தூக்கிக்கொண்டிருந்தார். காதில் விழாதவர் போல அதை வண்டியில் ஏற்றிவிட்டு, அடுத்த சாமானை எடுக்க வந்தார்.

சில நாளில் கோபம் ஆறிற்று. மன்னிப்புக் கேட்க நினைத்தவள் தன் கைபேசியை எடுக்கவில்லை. அலுவலகச் சோதனை லைனிலிருந்து அக்கா வீட்டு இணையப் போனுக்கு அழைத்தாள். எடுக்காவிட்டால் காரணம் திரையில் தெரியுமே!

603.

மறுநாளும் அதே. 'சரி, அவளுக்கு நான் வேண்டாம்' என்று விட்டுவிட்டாள். வீம்பிலேயே வருடங்கள் ஓடின.

ஒரு நாள் பல் மருத்துவமனையிலிருந்து புகார் வந்தது. "எங்க நோயாளிங்க நிறைய பேரு எங்க போனைக் கட் பண்றாங்க மேடம்." பார்த்தாள். எல்லாம் 603. ஆனால் எதிலும் 180 வரவில்லை. மணியே அடிக்காமல் மனிதர் எப்படி மறுப்பார்? மருத்துவமனையின் அழைப்புகள் எண் தெரியாமல் போய்க்கொண்டிருந்தன. எண் இல்லாத அழைப்பைத் தானாகவே மறுக்கும்படி அந்த நோயாளிகளின் போன்களில் அமைத்திருந்தார்கள்.

அதைச் சரிசெய்து முடித்த பிறகுதான் உறைத்தது. அலுவலகச் சோதனை லைனும் எண் காட்டாது. அன்றைக்கும் 180 வந்திருக்கவில்லை. ஊரார் அழைப்புக்கெல்லாம் நாடி பார்த்தவள், தன் அழைப்புக்கு 603-ஐ மட்டும் பார்த்துவிட்டு எழுந்திருந்தாள்.

நடைபாதைக்கு ஓடிப்போய்க் கைபேசியில் அழைத்தாள். மணி அடித்தது. அக்கா எடுத்தாள்.

"நான்தான்க்கா. அன்னிக்கே கூப்பிட்டேன், ஆபீஸ் போன்லேருந்து. நீ கட் பண்ணிட்டேன்னு நெனச்சேன்..."

"நம்பர் இல்லாத போன் வராது இங்க. விளம்பரத் தொல்லைன்னு அவருதான் அப்படி வச்சாரு."

"அத்தான்கிட்ட குடுக்கா. ஒரு வார்த்தை பேசணும்."



"அவரு போய் ரெண்டு வருஷமாச்சு. அவ கூப்பிடுவா, கூப்பிடுவான்னு சொல்லிட்டே இருந்தாரு."

"எனக்கு ஏன்க்கா சொல்லல?"

"நீங்கதான் கூப்பிடவே இல்லையே."

வாடி, போடி என்று மட்டுமே பேசிப் பழகிய அக்கா அவள். இப்போது வாராவாரம் பேசுகிறார்கள். அக்கா உடனே எடுக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், வைக்கும்போது "நேரம் கெடச்சா வாங்க" என்கிறாள். அப்படிப் பேசாதே என்று சொல்ல இவளுக்கு இன்னும் வாய் வரவில்லை.