அரிசிக்குள் வைத்த சவரக்கத்தி

எங்கள் வீட்டு அரிசி வாளிக்குள் ஒரு சவரக்கத்தி இருக்கிறது. மடக்கி, மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றில் போட்டு, அரிசிக்கு நடுவே புதைத்திருக்கிறேன். சமையலுக்கு அரிசி அள்ளும்போது அது விரலில் தட்டுப்படும். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்டால் என்னை ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அதை அங்கே வைக்கச் சொன்னவர் என் மாமனார். அவரிடம் நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது.

மாமா திருகோணமலையிலிருந்து மூதூருக்கு ஓடிய பயணிகள் லோஞ்சில் தண்டையலாக இருந்தவர். முழுப் படகும் அவர் பொறுப்பு. பாலங்கள் வந்து சனம் பஸ்ஸில் போகத் தொடங்கிய பிறகும் விடியற்காலையில் கிணற்றடியில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டி, முகம் வழித்துவிட்டுத்தான் தேத்தண்ணி கேட்பார். பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்துபோனபோது, கத்தியைக் கிட்டவும் கொடுக்கவேண்டாம் என்றார் டாக்டர். கட்டாரில் வேலை செய்த என் கணவரும் போனில், "எங்கையெண்டாலும் ஒளிச்சு வை" என்றார். மாமா பிறந்ததிலிருந்து குசினிக்குள் கால் வைத்தவரல்ல. ஆகவே கத்தியைத் துணியில் சுற்றி உப்புச் சாடிக்குள் இறக்கினேன். அந்த நேரம் எனக்கு அது பெரிய கெட்டித்தனமாகப்பட்டது.

"என்ரை கத்தியைக் கண்டனியே, பிள்ளை?"

"இல்லை மாமா, காணேல்லை."

ஒரு தரம்தான் கேட்டார். அதன்பிறகு கத்தியின் கதையே இல்லை. தாடி வளர்ந்தது. மகன் அனுப்பிய மின்சார மெசின் பெட்டி பிரிக்காமலே கிடந்தது. பின்னேரங்களில் பழைய கூட்டாளிகளோடு லோஞ்ச் கட்டுகிற ஜெட்டிப் பக்கம் போய் இருக்கிறவர், படலையைத் தாண்டுவதையே விட்டுவிட்டார். மூன்று மாதம் அப்படிப் போனது.

பிறகு மச்சாளுக்கு, அதாவது அவருடைய ஒரே மகளுக்கு, கட்டைபறிச்சானில் மாப்பிள்ளை சரிவந்தது. கலியாணத்துக்கு ஆறு கிழமைதான் இருந்தது. என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. தகப்பன்தான் நின்று மகளைத் தாரை வார்க்கவேண்டும். இந்தத் தாடி முகத்தோடு வரமாட்டேன் என்றார் மாமா. சலூன்காரரை வீட்டுக்கே கூப்பிடலாம் என்று மச்சாள் அழுதழுது கேட்டாள்.

"நாப்பது வரியம் என்ரை முகத்தை நான்தான் வழிச்சனான். மற்றவன் வழிச்ச முகத்தோடை பந்தலிலை நிக்க என்னாலை ஏலாது" என்றார். குரல் உயரவே இல்லை. மச்சாள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள். நான் குசினிக்குப் போய் உப்புச் சாடியைக் கவிழ்த்தேன்.

துணி ஈரத்தில் ஊறிக் கிடந்தது. கத்தியின் வாய் முழுக்கத் துரு அரித்து, பல் பல்லாக இருந்தது. இனி அது எதற்கும் உதவாது என்று நினைத்தபடியே கொண்டுபோய் நீட்டினேன். மாமா இடக்கையால் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். எங்கே கிடந்தது என்று கேட்கவில்லை. "கல்லை எடுத்தா பிள்ளை" என்றார்.

கிணற்றுக் கட்டில் நனைத்த சாக்கை விரித்துத் தீட்டுக்கல்லை நான் இரண்டு கையாலும் பிடிப்பேன். அவர் கத்தியைக் கல்லோடு கல்லாகப் படுக்கவைத்து, வாய் முன்னே போகத் தள்ளுவார். நான் தீட்டித் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். "கத்தி என்ரை இடக்கைக்குப் பழகவேணும். நீ கல்லைப் பிடி" என்றார். துருக்குழி மறையவே இரண்டு கிழமை எடுத்தது. பிறகு தோல்வார். ஒரு நுனியைக் கதவு நிலையில் ஆணியடித்து, மற்ற நுனியை நான் தொய்யாமல் இழுத்துப் பிடிக்கவேண்டும். வாரில் கத்தியின் முதுகுதான் முன்னே போகும், வாய் பின்னால் வரும். திருப்பும்போது முதுகில் புரட்டவேண்டும். பழகாத கை வாயில் புரட்டிவிட்டது. வார் பாதி அறுந்து தொங்கியது. லோஞ்சுக்காரர் பேசுகிற அத்தனை தூஷணத்தையும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பேசி முடித்துவிட்டு, "அறுந்த இடத்தை விட்டிட்டுப் பிடி" என்றார்.

முதல் தரம் வழித்தபோது கன்னத்தில் இரத்தம். "இழுக்குது. கூர் காணாது" என்று மறுபடி கல்லுக்குப் போனார். முன்கை மயிர் தொட்டவுடன் விழுந்த பிறகும் அவருக்குத் திருப்தியில்லை. ஏனென்று எனக்கு மெல்லத்தான் விளங்கியது. ஒரு கை வழிக்க, மறு கை தோலை இழுத்துப் பிடிக்கவேண்டும். அவருக்கு அந்த மறு கை இல்லை. மருமகள் மாமனின் முகத்தைத் தொடுகிற வழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது. அவர் கேட்கமாட்டார், நானும் கேட்கத் துணியேன். இல்லாத கைக்கும் சேர்த்துக் கத்திதான் வேலை செய்யவேண்டியிருந்தது.

கலியாணக் காலை. இடக் கன்னம், நாடி, மேலுதடு எல்லாம் வழுவழுவென்று வந்துவிட்டன. வலத் தாடைக்குக் கீழேதான் தோல் தளர்ந்து, கத்தி போன இடமெல்லாம் மடிந்தது. மூன்று தரம் வழித்துப் பார்த்தார். படலையில் வான்காரன் ஹோர்ன் அடித்தான். கலியாணக் கூறைச் சேலைக்குக் காத்திருந்த மச்சாள் வாசலில் வந்து நின்றாள். மாமா கத்தியை இறக்கி, கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

"நீ பிடி, பிள்ளை."

கையைச் சேலையில் துடைத்துவிட்டு அவருடைய கன்னத்தில் விரலை வைத்து மேலே இழுத்தேன். கத்தி ஒரு தரம்தான் போனது. ஒரு மயிரையும் இழுக்கவில்லை.

அவர் கத்தியைக் கழுவித் துடைத்து மடக்கினார். "அடுத்த முறை ஒளிக்கிறதெண்டால் அரிசிக்குள்ளை ஒளி. உப்பு இரும்பைத் தின்னும்" என்றார்.

அத்தனை நாளும் தெரிந்துகொண்டே என்னோடு கல்லடியில் இருந்திருக்கிறார். நான் அழுதேன். அவர் மகளைப் பார்த்து, "வெளிக்கிடுவம்" என்றார்.

அதன்பிறகு அவர் போய்ச் சேரும்வரை, காலையில் நான்தான் அந்தக் கன்னத்தைப் பிடித்தேன். என் கணவர் இப்போது ஊரோடு வந்துவிட்டார். பிளாஸ்டிக் ரேசரால் இரண்டு நிமிடத்தில் வழித்துவிட்டு, அரிசிக்குள் என்னத்துக்கு ஆயுதம், எறி என்கிறார். எறிய ஏலாது என்று சொல்லிவிட்டேன். இன்று காலையும் எடுத்து, அறுந்த இடத்தை விட்டுவிட்டு வாரில் பத்துத் தரம் இழுத்தேன். என் முன்கை மயிரில் வைத்துப் பார்த்தேன். தொட்டவுடன் விழுந்தது. மடக்கி, அரிசிக்குள் ஆழத் தள்ளினேன்.