கேட்காமல் பிரித்த பெட்டிகள்

வீடு மாற்றப் போகிறோம் என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், ஊரில் உள்ள அத்தனை பேரும் யோசனை சொல்ல வந்துவிட்டார்கள். தட்டுகளைப் படுக்க வைக்காதே, நிற்க வைத்துக் கட்டு என்றாள் ஒருத்தி. கண்ணாடிச் சாமான்களுக்குப் பேப்பரை நம்பாதே, பழைய புடவையைச் சுற்று என்றாள் இன்னொருத்தி. ஃப்ரிட்ஜை முதல் நாளே நிறுத்திவிட வேண்டும். கட்டிலைக் கழற்றினால் மரையாணிகளை ஒரு பையில் போட்டு அந்தக் கட்டில் சட்டத்திலேயே கட்டிவிட வேண்டும். புத்தகங்களைப் பெரிய பெட்டியில் போட்டால் தூக்குகிறவன் இடுப்பு போய்விடும். எல்லாமே நல்ல யோசனைகள்தான், மறுக்கவில்லை. நானும் அப்படியே செய்தேன், ஒரு தட்டுகூட உடையவில்லை. ஆனால் இத்தனை பேரும் கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரே ஒரு யோசனையைச் சொல்லி வைத்தாற்போல் சொன்னார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவர ஒரு ரெண்டு நாளு எங்கனா அனுப்பி வச்சிடு. எல்லாத்தையும் எடுத்து அடுக்கனப்பறம் கூட்டினு வந்துக்கலாம்."

அவர் என்பது என் கணவர். சர்க்கரை நோய் அவருடைய இரண்டு கண்களையும் எடுத்துக்கொண்டு சில வருடங்கள் ஆகின்றன. கண் போனால் காதும் அறிவும் கூடவே போய்விடும் என்று நம் ஜனங்களுக்கு எப்படியோ ஒரு நினைப்பு. அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, அவரை எங்கே விடப் போகிறாய் என்று என்னிடம் கேட்பார்கள். பீரோவை எங்கே வைக்கப் போகிறாய் என்று கேட்ட அதே குரலில்.

நாங்களாக ஆசைப்பட்டு வீடு மாறவில்லை. பெரிய மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், கல்யாணம் ஆனதிலிருந்து இருந்த வீடு அது. வீட்டுக்காரக் குடும்பம் பிரான்சில் இருக்கிறது. டிசம்பர் லீவில் வந்தால் ஒரு டின் பிஸ்கட்டைக் கொடுத்து, சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் அவர்களுடைய மச்சான் வந்து நின்றார். "ரூம் ரூமா பிரிச்சு டூரிஸ்டுக்கு வுடப் போறாங்களாம் மதாம். நான் இன்னா பண்றது, போன்ல சொன்னாங்க" என்றார். ஊரெல்லாம் மஞ்சள் சுண்ணாம்பு அடித்து, வாசலில் ஒரு சைக்கிளைப் பூத்தொட்டியோடு நிற்க வைத்து, வருகிறவனுக்கு வாடகைக்கு விடுகிற காலம் இது. அதில் குடியிருந்தவன் எங்கே போவான் என்று யாருக்கும் கவலையில்லை. வருகிறவன் படம் எடுக்க ஒரு பழைய ஜன்னல் போதும்.

புது வீடு தேடியது அதைவிடக் கொடுமை. முதலியார்பேட்டையில் ஒரு வீடு எங்களுக்கு எல்லா வகையிலும் பிடித்திருந்தது. வீட்டுக்காரம்மா என் கணவரின் கையில் இருந்த கோலைப் பார்த்தார். "கேஸத் தொறந்து வுட்டுட்டார்னா?" என்று என்னைக் கேட்டார். கண் தெரிகிறவர்கள் கேஸைத் திறந்து விட்டதே இல்லையா என்று நான் கேட்டேன். அந்த வீடு எங்களுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் கருவடிக்குப்பத்தில் ஒன்று அமைந்தது. எப்போது குடி போவது என்பதில் வேறு சண்டை. எதிர்வீட்டு அம்மா ஆடியில் கூடாது என்றார். எங்கள் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா, தவக்காலத்தில் கூடாது என்றார். மார்கழியும் ஆகாதாம். எல்லோரும் ஒதுக்கியது போக எங்களுக்கு மிஞ்சியது ஐப்பசி மழை.

என் பயமெல்லாம் மழையைப் பற்றியது அல்ல. கண் போன புதிதில் அவர் பல மாதங்கள் கூடத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் குடிப்பார், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார். பிறகு ஒரு நாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது தட்டுத் தடுமாறிச் சமையலறைக்குப் போய் தானே டீ போட்டுக் குடித்திருக்கிறார். நான் வந்தபோது மேடையெல்லாம் டீத்தூள். அவர் முகத்தில் நான் மறந்தே போயிருந்த ஒரு சிரிப்பு. அதன் பிறகு அந்தச் சமையலறை அவருடையதாயிற்று. டீத்தூள் நசுங்கிய பால்பவுடர் டின்னில், மிளகாய்த்தூள் பிரான்சிலிருந்து வந்த சதுர பிஸ்கட் டின்னில், உப்பு ஊறுகாய் ஜாடியில், சர்க்கரை வயிறு பெருத்த கண்ணாடி பாட்டிலில். ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. பார்க்கச் சகிக்காது. ஆனால் அவர் கை அதது இருக்கிற இடத்துக்கு நேராகப் போகும். சாயங்காலம் யார் வந்தாலும் அவர்தான் டீ போடுவார். புது வீட்டில் இது முடியாமல் போனால் அவர் மறுபடியும் அந்த நாற்காலிக்குப் போய்விடுவார்.

அதனால் அவர், "சமையல்கட்ட நான் கட்றேன்" என்று சொன்னபோது எனக்கு உயிர் வந்தது. நாத்தனார்தான் விடவில்லை. "கண்ணு தெரியாம இன்னாத்த கட்டுவான் அவன்?" என்று அதையும் என்னிடமே கேட்டார். அவர் கட்டினார். எடுப்பதற்கு முன்பே எந்த அலமாரித் தட்டு எந்தப் பெட்டிக்கு என்று தீர்மானித்துக்கொண்டார். மேல் தட்டுப் பெட்டிக்குக் கயிற்றில் ஒரு முடிச்சு, அடுத்ததற்கு இரண்டு, கீழ்த்தட்டுக்கு மூன்று. ஒரு தட்டில் எது பக்கத்தில் எது இருந்ததோ அதே வரிசையில் பெட்டிக்குள் போயிற்று. சாமான்களைப் பெரிது சிறிது பார்த்து அடைக்காமல் இருந்த இடம் பார்த்து அடைக்க வேண்டும், பிரிக்கும்போது தேட வேண்டியிருக்காது. யோசனை சொன்ன அத்தனை பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

குடி போகிற நாள் காலையில் குட்டி யானை வண்டி வந்து நின்றது. சாமான் ஏற்றியதும் டிரைவர் எல்லோருக்கும் டீ வாங்கி வரக் கிளம்பினார். என் கணவர் பக்கத்தில்தான் நிற்கிறார். டிரைவர் என்னைப் பார்த்து, "சாருக்கு சக்கர போட்டா, போடாமயா மேடம்?" என்றார்.

"அவருக்கு கண்ணுதான் தெரியாது, காது நல்லா கேக்கும். அவரையே கேளுங்க" என்று நான் சுள்ளென்று சொன்னேன். பாவம், டிரைவர் முகம் சுருங்கிவிட்டது. "சக்கர இல்லாம" என்றார் என் கணவர். எனக்கு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி.

மத்தியானத்துக்குள் எல்லாம் புது வீட்டில் இறங்கிவிட்டது. நாத்தனாரும் அவர் மகளும் அங்கே இருந்தார்கள். பழைய வீட்டைக் கூட்டிவிட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டியிருந்தது. கரண்டு கனெக்‌ஷன் என் கணவர் பெயரில் இருந்ததால் கையெழுத்துப் போட அவரும் என்னோடு வந்தார். சமையலறைப் பெட்டிகளைத் தொட வேண்டாம், அவரே வந்து பிரிப்பார் என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். சாவியை வாங்க வேண்டிய வீட்டுக்காரரின் மச்சான் வர நேரமாயிற்று, நடுவில் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் ஆட்டோவில் திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது.

வாசலிலேயே நாத்தனார் எங்களை மறித்துக்கொண்டார். முகமெல்லாம் பூரிப்பு. "ரெண்டு பேரும் கண்ண மூடினு வாங்க" என்றார். சொன்ன பிறகாவது நாக்கைக் கடித்துக்கொள்வார் என்று பார்த்தேன். அது அவருக்கு உறைக்கவே இல்லை.

சமையலறை பளபளவென்று இருந்தது. அலமாரி முழுக்கப் புத்தம் புது டப்பாக்கள். ஒரே உயரம், ஒரே பருமன், ஒரே நீல மூடி. புது வீட்டுக்கு நாத்தனார் கொடுக்கும் சீர். ஒவ்வொன்றிலும் அவர் மகள் கம்ப்யூட்டரில் அழகாக அடித்து ஒட்டிய தாள்: டீத்தூள், உப்பு, மிளகாய்த்தூள், ரவை.

"அந்தப் பழைய டின்னெல்லாம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

"அந்தக் கருமத்த யாரு இந்த வூட்ல வச்சிப்பாங்க? முனைல காயலான் கடை இருக்குது, தூக்கிப் போட்டுட்டு வந்துட்டா எம்பொண்ணு."

என் கணவர் அலமாரி அருகே போனார். கை ஒரு மூடியின் மேல் போயிற்று. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. ஒரு டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். மறுபடி வைக்கும்போது எங்கிருந்து எடுத்தோம் என்று தெரியாமல் கை அந்தரத்தில் நின்றது. "நல்லா இருக்குதுக்கா" என்றார்.

நான் வெடித்துவிட்டேன். நல்லா இருக்கிறதாவது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு டப்பாவில் எழுதி ஒட்டி வைத்தீர்களே அண்ணி, உங்கள் தம்பி அதை எப்படிப் படிப்பார், நாக்காலா என்று கேட்டேன். தொட வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனேனே என்றேன். ஊரான் வீட்டுக்காரி கேஸைத் திறந்து விடுவார் என்கிறாள், கூடப் பிறந்த நீங்கள் டீத்தூளையே பிடுங்கிக்கொண்டீர்கள் என்றேன். நாத்தனார் கண்ணில் தண்ணீர் தளும்பியது. நான் நிறுத்தவில்லை. "இவரு இனிமே நாற்காலியில உக்காந்துனு, யாரு டீ குடுப்பாங்கன்னு வாயப் பாத்துனு இருக்கணுமா? அதான உங்களுக்கு வேணும்?"

"இரு" என்றார் என் கணவர். "கொஞ்சம் நிறுத்து."

"நான் ஏன் நிறுத்தணும்? உங்களுக்காகத்தான..."

"அதத்தான் சொல்றேன்" என்றார். அவர் குரல் உயரவே இல்லை. "இவங்க டின்ன எடுத்துக்கறாங்க. நீ கோவத்த எடுத்துக்கற. எங்கோவத்தையாவது எனக்கு வுட்டு வைய்யேன்."

எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லவே வேண்டும்: வெட்கமாக இல்லை, ஆத்திரமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் இந்த மனிதருக்காக ஊரோடு மல்லுக்கு நின்றவள் நான். எனக்குக் கிடைக்க வேண்டிய பேச்சா இது?

அவர் அக்கா நின்ற பக்கம் திரும்பினார். "அக்கா, உந்தம்பி அந்த டின்னுங்கள வச்சித்தான் சமைக்கிறான்னு உனக்குத் தெரியும். என்ன ஒரு வார்த்த கேக்காம ஏன் தூக்கிப் போட்ட? எனக்கு ரொம்ப கோவமா இருக்குது." அவ்வளவுதான் சொன்னார். நான் மூச்சுவிடாமல் கத்தியதற்குப் பதில் பேசாமல் நின்ற நாத்தனார், இதற்குச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினார். "தப்புதான்டா" என்றார். கண் போன பிறகு அவர் தன் தம்பியிடம் நேராகச் சொன்ன முதல் பதில் எனக்குத் தெரிந்து அதுதான்.

"வா, கடைய மூடறதுக்குள்ள போயிட்டு வரலாம்" என்று என் கணவர் கோலை எடுத்தார். நானும் செருப்பை மாட்டினேன். "நீ வேணாம். அக்கா வரட்டும்" என்றார்.

வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அந்தத் தெருவில் அதற்கு முன் ஒரு தரம்கூட நடந்ததில்லை. மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. நாத்தனார் வழக்கம்போல அவர் மேல்கையைப் பிடித்து இழுத்தார். அவர் அந்தக் கையை எடுத்துவிட்டு, தன் கையை அக்காவின் தோளில் வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் சாக்கடை மேல் ஒரு கல் பெயர்ந்து கிடந்ததை நான் மத்தியானமே பார்த்திருந்தேன். நாத்தனாருக்கு அது தெரியுமோ தெரியாதோ. பார்த்துப் போங்க என்று கத்த வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு பீரோவைக்கூட ஒரு பக்கம் நான்தான் தாங்கினேன், அது இவ்வளவு கனக்கவில்லை. கோல் அந்தக் கல்லைத் தட்டியது. இரண்டு பேரும் ஒதுங்கிப் போனார்கள்.

ஒரு கோணியோடு திரும்பி வந்தார்கள். கடைக்காரர் குவியலைத் தரையில் கொட்டிவிட, என் கணவர் குந்தி உட்கார்ந்து கையால் துழாவி ஒவ்வொன்றாகப் பொறுக்கினாராம். டீத்தூள் வைத்திருந்த பால்பவுடர் டின் மட்டும் கிடைக்கவில்லை. புது டப்பாக்களில் ஒன்றை அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்டு, ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்தார். மேல் தட்டில் இடது ஓரமாக வைத்தார். பழைய வீட்டில் டீத்தூள் வலது ஓரத்தில்தான் இருக்கும். இங்கே அடுப்பு இடது பக்கம் என்பதை அவர் எப்போது கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுப்புக்கு நேர் மேலே என்றால் ஆவி பட்டு ஈரம் ஏறும். டீத்தூள் கட்டி தட்டிப் போகும்.

நான் அங்கேயே நிற்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பாமலே கேட்டார்: "எதனா சொல்லணுமா?"

"இல்ல" என்றேன்.