திருப்பி இழுத்த கதவு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்தக் கதவு விழுந்த தோள் எனக்கு இன்னும் வலிக்கிறது. எனக்கு அந்தச் சாட்சி போதும்.

அலெக்ஸாண்ட்ரியாவில் நாங்கள் புது வீட்டுக்குக் குடிவந்த மறுநாளே காஸிம் புயல் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் குளிர்காலப் புயல் ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. காஸிம் அடித்தால் மரக்கதவெல்லாம் ஊறிப் பருத்து நிலையைக் கவ்விக்கொள்ளும். அதனால் பின்னறைக் கதவு திறக்கவில்லை என்று என் மனைவி இன்ஷிராஹ் கத்தியபோது நான் பதறவில்லை, உள்ளே எங்கள் ஐந்து வயது மகள் நஜ்வா இருந்தும்.

சத்தம் கேட்டு மேல்வீட்டிலிருந்து வீட்டுக்காரி தவ்லத் இறங்கி வந்தாள்.

"வந்து ரெண்டு நாள் ஆகல, அதுக்குள்ள கதவை ஒடைக்கிறீங்களா?"

"உள்ள என் பொண்ணு இருக்காம்மா!"

"இருந்தா என்ன? கதவுல ஒரு கீறல் விழுந்துச்சு, மூட்டையைக் கட்டிட்டுக் கிளம்பு!"

பல்லைக் கடித்துக்கொண்டு காகிதம் ஒன்றை இடுக்கில் விட்டு ஓட்டினேன். உரசும் இடத்தில் காகிதம் சிக்கும். அங்கே சோப்பைத் தேய்த்தால் போதும். ஆனால் மேலே சிக்கவில்லை. கீழே சிக்கவில்லை. பூட்டுப் பக்கமும் தடையில்லாமல் ஓடியது.

பிறகு ஏன் திறக்கவில்லை?

கைப்பிடியைப் பற்றி இழுத்தேன். விரலளவு வந்தது. பிறகு... டொக். மூடிக்கொண்டது.

ஊறிய கதவு பிடித்துக்கொள்ளும். திருப்பி இழுக்காது.

"நஜ்வா! விளையாடாதே, கதவை விடு!"

"நான் கட்டில்ல இருக்கேன்பா..." குரல் தூரத்தில் கேட்டது. "சீக்கிரம் வாங்கப்பா. கதவுகிட்ட நிக்கிறவங்க உங்களைத் திட்டுறாங்க."

சுத்தியலை எடுத்துக் கீலின் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன்.

"கழட்டாதே!" தவ்லத் அலறினாள். "அதைக் கழட்டாதேடா!"

கடைசி ஆணியும் வந்துவிட்டது. கதவு சாய வேண்டும்.

சாயவில்லை.

நின்றது...

பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

அந்தி நேர மஃரிப் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. கதவு அப்படியே என்மேல் விழுந்தது.

நஜ்வா எதிர்ச்சுவரோரக் கட்டிலில் ஒடுங்கியிருந்தாள். வாரிக்கொண்டு ஓடினேன். ஓடும்போது பார்த்தேன், தரையில் கிடந்த கதவின் உள்பக்கம் மொழுமொழுவென்று இருந்தது. கைப்பிடி இல்லை, தாழ்ப்பாள் இல்லை, நான்கு பழைய திருகாணி ஓட்டைகள் மட்டுமே.

மறுநாள் தெருமுனைத் தச்சர் ஷவ்கியிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"அந்தக் கைப்பிடியை நான்தான்டா கழட்டினேன். தவ்லத்தோட தங்கச்சி அந்த ரூம்லதான் செத்தா. பிடிக்க ஒண்ணுமில்லேன்னா விட்டுடுவான்னு பாத்தோம்."

"விட்டாளா?"

"எங்க விட்டா? வீடு காலியா கெடந்தா, மாடி ஏறிப்போய்த் தவ்லத் ரூம் கதவைப் பிடிச்சுக்குவா. கீழ ஒரு குழந்தை இருந்தா மேல போகமாட்டா. அதனால தவ்லத் வீட்டை வாடகைக்கு விடறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும்தான் கேப்பா. ஒன்கிட்டயும் கேட்டாளா?"

கேட்டாள். குழந்தை இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றதும் நஜ்வாவின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள், முன்பணம்கூட வாங்காமல் சாவியைக் கையில் கொடுத்தாள்.