சாய்த்துப் பிடித்த வளையல்

மாசமாயிருக்கும் தங்கை குளிக்கப் போகும்போது கழற்றி வைத்த இரண்டு கண்ணாடி வளையல்கள், மேசையில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. பார்த்ததும் ஷூ கம்பெனிப் பசையின் வாசனை என் மூக்கில் ஏறியது.

நாங்கள் ஆம்பூரில் இருந்தபோது, இந்தத் தங்கை பிறந்த அன்று அமாவாசை. நிறைமாதமான அம்மாவுக்குப் பகலிலேயே வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வாசலில் ஆட்டோ வந்து நின்றும், ஜன்னல் சாத்திய அறையைவிட்டு அவள் வரவில்லை. நான் உதடு பிளந்து பிறந்ததற்கு, அவள் கிரகணத்தில் வெளியே வந்ததுதான் காரணம் என்று சொல்லியே சொந்தக்காரர்கள் அவளை நோகடித்திருந்தார்கள். சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும் என்று நான் பாடம் படித்ததைக் கேட்டதிலிருந்து, எந்த அமாவாசைப் பகலிலும் அவள் வாசல் தாண்டியதில்லை.

"பொழுது சாயட்டும், வர்றேன்" என்று பல்லைக் கடித்தாள். அப்பா கத்தினார்.

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா, கம்பெனிப் பசை காயாத கையோடு ஓடிவந்தாள். தன் வளையல்கள் இரண்டைக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றைச் சாய்த்துப் பிடித்தாள்.

"இது சூரியன் வழி, இது நிலா வழி. சாஞ்சிருக்குது பாருக்கா. ரெண்டும் வெட்டிக்கிற எடத்துல அமாவாசை வந்தாத்தான் கிரகணம். மத்த மாசம் நிலா மேலயோ கீழயோ போய்டும். இன்னிக்குக் கேலண்டர்லயும் போடல. அப்டியே வந்தாலும் உதட்டுக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?"

அம்மா என் உதட்டையே பார்த்தாள். பிறகு அந்த வளையல்களை அப்படியே வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

ஆட்டோ ஒவ்வொரு முறை பள்ளத்தில் இறங்கும்போதும் அலறினாள். வளையல் பிடித்த கை மட்டும் அசையவில்லை. தங்கை அழும் சத்தம் கேட்கும்வரை சாய்த்தே பிடித்திருந்தாளாம், கை தளர்ந்தால் நிலா நேராக வந்துவிடும் என்பதுபோல.

மேசையில் கிடந்தவற்றை நேராக அடுக்கி வைக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.