மூன்று துண்டாகச் சொன்னேன்

2011-ஆம் வருடம், காலாண்டுப் பரீட்சைக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சிதம்பரத்தில் நாங்கள் குடியிருந்த சந்தில், வேப்பமர நிழலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு முன் சீட்டில் சாய்ந்திருந்தேன். வீட்டுக்குள் சிமென்ட் ஷீட்டின் சூடு தாங்காது. அதனால் ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்கு ஆட்டோவின் பின் சீட்டுதான் படிப்பு அறை.

நான் படித்தது இரண்டாவது வரை. அதையும் இரண்டு தடவை படித்தேன். தெரிந்த இங்கிலீஷ் நாலு வார்த்தை. அதை வைத்துக்கொண்டு, கோயிலுக்குப் போகவேண்டிய ஒரு வெள்ளைக்காரரை ரயிலடியில் இறக்கிவிட்டு, அவர் நொந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டதை வணக்கம் என்று நினைத்துப் பதிலுக்குக் கும்பிட்டவன் நான்.

அன்றைக்கு அவளுக்கு இங்கிலீஷ் வீட்டுப்பாடம். சின்னச் சின்ன வாக்கியங்களை எடுத்து, நடுவில் 'பிகாஸ்', 'வென்', 'அண்ட்' என்று போட்டு ஒரே நீள வாக்கியமாகச் சேர்க்க வேண்டுமாம். சொந்த வாழ்க்கையில் நடந்ததாக இருக்க வேண்டுமாம்.

"நீ தமிழ்ல சொல்லுப்பா, நான் மாத்திக்கிறேன்" என்றாள்.

"எழுதிக்க. நான் ஆட்டோ ஓட்டுனேன். மாடு குறுக்க வந்துது. மாடு என்னத் திட்டுச்சு."

"மாடு எப்பிடிப்பா திட்டும்?"

"ஒங்கப்பன் ஓட்டுற லட்சணத்துக்கு மாடுகூட திட்டும் பாப்பா."

சிரித்துக்கொண்டே எழுதினாள். அப்புறம் நோட்டைத் திருப்பி, "நானே ஒண்ணு எழுதிருக்கேன். அம்மாவப் பத்தி" என்றாள்.

எங்களுக்குச் சொந்த ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். சுனாமியில் என் மனைவி போய்விட்டாள். அப்போது மகளுக்கு ஏழு வயது. நான் கடல் தொழிலை விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் வந்து ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தேன். அம்மாவைப் பற்றி எப்போது கேட்டாலும் மூன்று துண்டாகச் சொல்வேன். அலை வந்தது. எல்லாரும் ஓடினோம். அம்மா மாட்டிக்கொண்டாள். மேற்கொண்டு கேட்டால் ஏதாவது கோமாளித்தனம் பண்ணிச் சிரிக்க வைத்துவிடுவேன்.

அவள் எழுதியதை எனக்காகத் தமிழில் சொன்னாள்.

"நான் செருப்பு வேணும்னு அழுததால, எங்கம்மா என்னப் பக்கத்து வூட்டு அத்தைகிட்ட வுட்டுட்டு அத எடுக்கப் போனாங்க, அப்ப பெரிய அலை வந்ததால அவுங்க திரும்பி வரல."

"இத யாரு ஒனக்குச் சொன்னா?"

"யாரும் சொல்லல. அன்னிக்கு நான் அழுதது ஞாபகம் இருக்கு. அம்மா கையை வுட்டுட்டுப் போனதும் ஞாபகம் இருக்கு. நீ சொன்னதுல நடுவுல ஒண்ணும் இல்ல. நானா சேத்துக்கிட்டேன்."

ஏதாவது தமாஷ் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா பையோடு வந்து, "ரயிலடிக்கு வருமா?" என்றார். தப்பித்து ஓட நல்ல சவாரி. வண்டியைக் கிளப்பக் கைகூடப் போனது. உண்மையைச் சொன்னால் எனக்கென்று இருக்கும் ஒரே பிள்ளை என்னை வெறுத்துவிடுவாள். சொல்லாவிட்டால் அந்தச் செருப்பை அவள் சாகும்வரை சுமப்பாள்.

"வராதும்மா" என்றேன்.

பின் சீட்டில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். முதல் தண்ணீர் முழங்காலளவு வந்து வடிந்தபோதே மூன்று பேரும் ரோட்டுக்கு வந்துவிட்டோம். கடல் உள்வாங்கிக் கிடந்ததைப் பார்த்தேன். கரையில் என் புது வலை கிடந்தது. பத்து நாள்கூடக் கடலில் போடாத வலை. எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நான்தான் ஓடினேன். என்னைக் கூப்பிடத்தான் என் மனைவி பிள்ளையை விட்டுவிட்டு இறங்கி வந்தாள். நான் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா கடசியா இன்னா சொன்னாங்க?"

"'யோவ், வலை போனா போவுது, மேல வாய்யா'ன்னு கத்துனா. 'இதோ வரேன் போ'ன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல பாப்பா."

அலை என்னைத் தூக்கி ஒரு தென்னை மரத்தில் போட்டது. வலைக்குப் போனவன் பிழைத்தான். கூப்பிட வந்தவள் மறுநாள்தான் கிடைத்தாள்.

"அப்ப செருப்புக்குப் போவலியா?"

"இல்லம்மா."

"நெசமா?"

"ஒங்கம்மா மேல சத்தியம்."

அவள் நோட்டில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். தலையில் கை வைத்தேன், தட்டிவிட்டாள். நாலு நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டு மூடி வைத்தாள். ஐந்தாம் நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவில் ஏறியவள், பின்னாலிருந்து, "நீ திரும்பிப் பாத்துருக்கலாம்பா" என்றாள். அவ்வளவுதான்.

என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் சொல்லாமல் விட்ட இடத்தில் ஒரு குழந்தை ஏழு வருடமாகத் தன்னையே குற்றவாளியாக நிறுத்தி வைத்திருந்தது என்பது, வலைக்காக ஓடியதைவிடவும் இப்போதெல்லாம் எனக்குப் பெரிய பாவமாகத் தெரிகிறது.